மேக்கப் கன்னும் மிக் விமானமும்

என் கடையில் ஒரே ஒரு விதிதான். ஏர்பிரஷ்ஷை யாரும் தொடக்கூடாது. கத்தரிக்கோலை எடுங்கள், சீப்பை எடுங்கள், ஃபேஷியல் க்ரீமைப் பூசிக்கொண்டு கடைவீதியில் நடங்கள், நான் கேட்க மாட்டேன். அந்தக் கன்னை மட்டும் தொடக்கூடாது. என்னிடம் வேலை பார்த்த எல்லாப் பெண்களுக்கும் இது தெரியும். தெரியாத ஒரே ஆள் என் வீட்டுக்காரர்.

கள்ளக்குறிச்சியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். கீழே கடை, மாடியில் வீடு. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவதில்தான் பிழைப்பு ஓடுகிறது. இப்போது எல்லாப் பெண்ணும் ஏர்பிரஷ் மேக்கப்தான் கேட்கிறாள். ஒரு சின்ன கம்ப்ரசர், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் பேனா தடிமனில் ஒரு கன். கன்னின் தலையில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் சில சொட்டு ஃபவுண்டேஷன் விட்டு, விரலால் அழுத்திப் பின்னால் இழுத்தால் பனி மாதிரி போய் முகத்தில் உட்காரும். உள்ளே தலைமுடி கனத்துக்கு ஓர் ஊசி ஓடுகிறது. அந்த ஊசியில் ஒரு துளி காய்ந்து ஒட்டிக்கொண்டால் போதும், பனிக்குப் பதில் எச்சில் துப்பும். தொடக்கூடாது என்பதற்குக் காரணம் அவ்வளவுதான். ஆணவமும் இல்லை, ரகசியமும் இல்லை.

கார்த்திகை மாதம் களமருதூர்ப் பெண் ஒருத்திக்கு ரிசப்ஷன் மேக்கப். பெண் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் அவள் அம்மாவும் அத்தையும் நிற்கிறார்கள். நான் எப்போதும் முதலில் என் புறங்கையில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போவேன். அன்றைக்கும் அடித்தேன். எதுவும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். கன் ஒரு தும்மல் போட்டது. என் கையில் திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம்.

"இன்னா மேடம், சாம்பலா வருது" என்றாள் பெண்ணின் அம்மா.

"மிஷின் சூடாயிடுச்சிங்க."

"சூடானா சாம்பல் வருமா? எங்க வூட்டு மிக்ஸியுந்தான் சூடாவுது. சட்னி வெள்ளையாத்தான வருது."

அத்தைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெண் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. எனக்கு வேறு வழி இல்லை. கன்னைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு முகம் முழுக்கப் பஞ்சாலும் பிரஷ்ஷாலும் போட்டு அனுப்பினேன். நன்றாகத்தான் போட்டேன். ஆனால் அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. கன் மேக்கப் என்று சொல்லிவிட்டுப் பஞ்சு மேக்கப் போட்டு அனுப்பிவிட்டாள் என்று மண்டபம் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரமே என்னிடம் ஒருத்தி கேட்டாள், "அக்கா, உங்க மிஷின் ரிப்பேராமே?"

அன்றைக்கு அவர்கள் போனதும் கன்னைப் பிரித்துப் பார்த்தேன். ஊசி சாம்பல் நிறத்தில் இருந்தது. உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் ஊறின கடலை மாதிரி உப்பியிருந்தது. மாடிக்குப் போனேன். சாப்பாட்டு மேசை மேல் செய்தித்தாளை விரித்து, ஓர் இறக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் ஊதி ஊதிக் காய வைத்துக்கொண்டிருந்தார்.

"யோவ், என் கன்ன எடுத்தியா?"

"கழுவி வச்சேனே."

"எதுல கழுவின?"

"தின்னர்லதான். பெயிண்ட்ட வேற எதுல கழுவுவாங்க?"

அவரை யோவ் என்று நான் கூப்பிடுவது வருடத்தில் ஒன்றிரண்டு நாள்தான். அந்தக் கார்த்திகையில் மட்டும் பல நாள் கூப்பிட்டேன்.

இவர் விமானப்படையில் இருந்தவர். பைலட் இல்லை. விமானத்தின் உடம்பைப் பார்த்துக்கொள்கிற வேலை. தகடு, ஆணி, சக்கரம், பிரேக், எண்ணெய்க் குழாய் எல்லாம் இவர் கையில். சர்வீஸ் முடிந்து ஊருக்கு வந்து ஒரு மில்லில் ஷிப்டு பார்க்கிறார். அவர் பார்த்த மிக் விமானங்களுக்கும் இப்போது ஓய்வு கொடுத்துவிட்டார்கள். டிவியில் கடைசியாக அவை பறந்ததைக் காட்டியபோது இவர் சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றுவிட்டார். உட்காருங்கள், குழம்பு வழிகிறது என்றேன். காதில் விழவில்லை. அதற்கப்புறம்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது.

பெட்டி கூரியரில் வந்தது. கண்ணிமை முடி ஒட்டுகிற பசைக்கு நான் ஆர்டர் போட்டிருந்ததால் அதுதான் என்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன். திறந்தால் கவரிங் நகை செட் மாதிரி அட்டை அட்டையாக பிளாஸ்டிக். சட்டத்தில் கொத்துக் கொத்தாகப் பாகங்கள். அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்றார். எல்லாவற்றையும் வெட்டி, தேய்த்து, ஒட்டினால் ஓர் அடி ஸ்கேல் நீளத்துக்கு ஒரு மிக் வரும். இதைக் குழந்தைகள் செய்வார்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

சரி, ஏன் இவ்வளவு கோபம் என்று எனக்கும் தெரியும். இவரிடம் அந்த விமானத்தோடு ஒரு போட்டோகூடக் கிடையாது. விமானம் நிறுத்துகிற ஹேங்கருக்குள் கேமரா கொண்டுபோக முடியாது. அத்தனை வருடம் பார்த்த வேலைக்கு வீட்டில் அத்தாட்சி என்று பார்த்தால் ஒரு பெட்டியும் ஒரு கம்பளியும்தான். என் தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆரம்பிப்பான். "மாமா ஏர்ஃபோர்ஸ்ல பிளேன் டயருக்குக் காத்தடிச்சிக்கினு இருந்தாரு. நம்ம பஸ் ஸ்டாண்டுலயே ஒரு கடை போட்டிருந்தா இன்னேரம் ரெண்டு மாடி கட்டியிருக்கலாம்." எல்லாரும் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். பிறகு இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டார்.

தை மாதம் இவருடைய பழைய செக்‌ஷன் ஆட்கள் மலை மேல் கரியாலூரில் கூடுவதாக ஏற்பாடு. இவர்தான் உள்ளூர்க்காரர் என்று தங்குகிற இடம், சாப்பாடு எல்லாம் இவர் தலையில். அவர்களுக்கு மேலே இருந்த வாரண்ட் ஆபீசரும் வருகிறார். அந்தப் பெரிய சார் இந்தச் சின்ன விமானத்தைப் பார்த்து, இது நம்ம வண்டிதான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்புறம் அதைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு எங்கள் ஹாலில் வைக்க வேண்டும். யார் கேட்டாலும் அதைக் காட்டி, இந்த இடத்தில் நான் இந்த வேலை பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். இதை அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. நான் கத்தக் கத்தத் துண்டு துண்டாக வெளியே வந்தது.

ஒட்டுவதெல்லாம் நன்றாகத்தான் ஒட்டியிருந்தார். இணைப்பே தெரியாமல் பட்டி வைத்துத் தேய்த்திருந்தார். பெயிண்ட் அடிக்கத்தான் கை வரவில்லை. லாரி டயருக்குப் பிடிக்கிற மாதிரி காற்றை முழுசாகத் திறந்துவிட்டு அடித்திருக்கிறார். மை வைத்துக்கொண்டு அழுத பெண்ணின் கன்னம் மாதிரி இறக்கையில் கோடு கோடாக வழிந்திருந்தது. பெயிண்டைக் கலக்கியதும் கார் பெயிண்ட் கடையில் வாங்கின தின்னரில்தான். அது பிளாஸ்டிக்கைத் தின்னும் என்று இவருக்குத் தெரியவில்லை. வால் முனை இளகி வெற்றிலைக் காம்பு மாதிரி வளைந்து நின்றது. தகட்டிலேயே வாழ்ந்த மனுஷன். பிளாஸ்டிக்கைக் கண்டாரா?

"இனிமே நீங்க கன்ன தொடக்கூடாது" என்றேன். "நானே அடிச்சிக் குடுக்கறேன். வாய மூடிக்கினு உக்காருங்க."

இந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்கவே கூடாது.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. செவ்வாய்க்கிழமைகளில் யாரும் முடி வெட்ட வர மாட்டார்கள். அந்த நாட்களை இதற்கு ஒதுக்கினேன். கன்னுக்கு ரப்பர் வளையம் புதிதாகப் போட்டேன். தண்ணீரில் கலக்கிற பெயிண்ட்டாக வாங்கி வரச் சொன்னேன். வளைந்த வாலை இவர் பட்டி வைத்துத் தேய்த்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். காற்றோட்டம் வேண்டும் என்று மொட்டை மாடியில் வைத்து முதல் பூச்சு அடித்தேன். அழகாக உட்கார்ந்தது. காயட்டும் என்று விட்டுவிட்டுக் கீழே டீ போடப் போனேன். ஊருக்கு வெளியே எவனோ கரும்பு வெட்டின காட்டில் தோகையைக் கொளுத்தியிருக்கிறான். வந்து பார்த்தால் இறக்கை மேல், முதுகு மேல், வால் மேல் எல்லாம் கருப்புச் சுருள். எங்கள் பக்கத்தில் கரும்புக் காலத்தில் துணி காயப்போட்டால் இதுதான் கதி. எனக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டது. புருவம் பிடுங்குகிற இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு. மறுபடி தேய்த்து, மறுபடி அடித்தேன். இந்த முறை கடைக்குள்ளேயே, ஜன்னலைச் சாத்திக்கொண்டு. அடுத்த நாள் வந்த கஸ்டமர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இன்னாக்கா, வீட்டுக்கு வெள்ளையடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

பிறகுதான் பெரிய சண்டை வந்தது.

சாம்பல் நிறம் என்று சொல்லி ஒரு டப்பா கொடுத்தார். நான் கிண்ணத்தில் விட்டேன், அடித்தேன். டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். காலையில் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் வைத்தார். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

"இது இன்னா கலரு?"

"நீங்க குடுத்த கலருதான்."

"நான் குடுத்தது இது இல்ல. இதுல இன்னா கலந்த?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. வெள்ளை கலந்திருக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை. கிண்ணத்தில் நிறம் விட்டதும் பக்கத்தில் இருந்த வெள்ளையை எடுத்துச் சில சொட்டு விட்டிருக்கிறது என் கை. பழக்கம். என் நாற்காலியில் எந்தப் பெண் உட்கார்ந்தாலும் பின்னால் நிற்கிற அம்மா சொல்வது ஒன்றுதான்: கொஞ்சம் கலரா போடுங்க. பெண் மாநிறமாக இருந்தாலும் சொல்வாள், சிவப்பாக இருந்தாலும் சொல்வாள். மலையிலிருந்து வருகிற அம்மாவும் சொல்வாள், எலவனாசூர்கோட்டை அம்மாவும் சொல்வாள். முதலில் சில வருடம் நான் வாதாடிப் பார்த்தேன். உங்கள் பெண்ணின் நிறத்துக்கே போட்டால்தான் எடுப்பாக இருக்கும் என்றேன். அப்படிச் சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் அவர்கள் கேட்கும் முன்பே என் கை வெள்ளையை விட்டுவிடும். கழுத்துக்கும் முகத்துக்கும் நடுவில் கோடு விழாமல் இழுத்துவிடுவதுதான் என் திறமை என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

"பிளேனுக்கும் ஃபேர்னெஸ் போட்டுட்டியா" என்றார்.

"கை தானா வுட்டுடுச்சி."

"அவன் என்னிக்குமே இவ்ளோ வெள்ளையா இருந்ததில்ல. மழ வர்றதுக்கு முன்னாடி வானம் இருக்கும் பாரு, அந்தக் கலரு. இது இன்னா, விபூதி பூசினாப்ல."

"எந்த மழ? எந்த வானம்? ஒழுங்கா சொல்லுங்க."

"அதான் சொன்னனே."

அவ்வளவுதான் விவரம். போனில் படம் எடுத்துக் காட்டு என்றேன். ஒவ்வொரு படத்தில் ஒவ்வொரு சாம்பல். எல்லாப் படத்தையும் தள்ளிவிட்டு, இது இல்லை, இது இல்லை, இதுவும் இல்லை என்றார். மறுபடி கலக்கினேன். அட்டையில் அடித்துக் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் கம்மி." கலக்கினேன். "இப்ப ஜாஸ்தி." கலக்கினேன். "நீலம் தெரியுது." என் தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, மூச்சு என் காதில் படுகிற மாதிரி. இத்தனை வருடத்தில் எத்தனையோ அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். இவரை மாதிரி ஓர் அம்மாவைப் பார்த்ததில்லை. அவர்களாவது கலராகப் போடு என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள்.

கடைசியில் ஓர் அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெகு நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் அட்டையை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். எதிர்வீட்டுக்காரர் இவரையும் வானத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"இதான்" என்றார்.

அடித்தேன். வால் பக்கத்தில் வெறும் தகடு தெரிய வேண்டும் என்றார், டேப் ஒட்டி மறைத்து வெள்ளி அடித்தேன். பைலட் உட்காரும் கண்ணாடி மூடிக்குப் புருவக் கத்தரியால் டேப்பை வெட்டி ஒட்டினேன். தண்ணீரில் ஊறவைத்து நழுவவிடுகிற சின்னச் சின்ன எழுத்துகளை நகத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரி ஒட்டினேன். எல்லாம் முடிந்து பளிச்சென்று நின்றது. நிஜமாகவே நன்றாக இருந்தது. பார்த்துவிட்டுச் சொன்னார், "இப்ப இத அழுக்காக்கணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அதைத் தூக்கித் தெருவில் வீசியிருப்பேன். பரு, தழும்பு, கருவளையம், எண்ணெய் வழிகிற மூக்கு, இதையெல்லாம் மறைப்பதுதான் என் தொழில். இவர் எல்லாவற்றையும் வரையச் சொல்கிறார். இங்கே எண்ணெய் கசியும். இங்கே பூட்ஸ் பட்டுப் பட்டுப் பெயிண்ட் போயிருக்கும். பின்னால் நெருப்பு வருகிற இடத்தில் கரி. சக்கரத்துக்கு மேலே பிரேக் தூள். விரலை வைத்து விரலை வைத்துக் காட்டினார். விமானத்தின் முன்னால் ஊசி மாதிரி ஒரு நீளக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அது அவர் விரல் பட்டே இரண்டு தடவை உடைந்தது. நான் ஐஷேடோ டப்பாவைத் திறந்தேன். கருப்பும் பழுப்பும் எடுத்துச் சின்னப் பிரஷ்ஷால் தட்டித் தட்டி வைத்தேன். பெண்ணின் கண் மடிப்பில் எப்படிக் கரைத்துவிடுவேனோ அப்படிக் கரைத்தேன். அது அழுக்கு மாதிரியே இருந்தது. அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம்.

அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒரு ஒட்டு இருக்குது" என்றார்.

"இன்னா ஒட்டு?"

ஒருநாள் பறவை ஒன்று மோதி இறக்கையின் முன் ஓரம் நசுங்கிவிட்டதாம். மறுநாள் காலையில் விமானம் பறந்தாக வேண்டும். நசுங்கினதை வெட்டி எடுத்துவிட்டு இவர்தான் புதுத் தகடு வைத்து ஆணி அடித்திருக்கிறார். அந்தச் சாம்பல் பெயிண்ட் தீர்ந்துபோயிருந்தது. கிடைத்ததை அடித்துவிட்டார். சுற்றிலும் ஒரு நிறம், ஒட்டு மட்டும் அடர்த்தியாக வேறொரு நிறம். பெரிய சார் வந்து பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டிக் கிழித்திருக்கிறார். ஆனால் விமானம் காலையில் பறந்தது. இறங்கி வந்தபோது ஒட்டு அப்படியே இருந்தது. இவர் அங்கிருந்து மாற்றலாகிப் போகும் வரைக்கும் அந்த ஒட்டை யாரும் கழற்றவில்லை.

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

டேப்பில் பொட்டு அளவுக்கு ஒரு சதுரம் வெட்டினேன். வலது இறக்கையின் ஓரத்தில் ஒட்டி, கொஞ்சம் அடர்த்தியாகக் கலக்கி, ஒரே ஒரு மூச்சு அடித்தேன். டேப்பை எடுத்தேன். ஐலைனர் முனையால் சுற்றிலும் ஆணிப் புள்ளி வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கம்மி என்றும் சொல்லவில்லை, ஜாஸ்தி என்றும் சொல்லவில்லை. எழுந்து போய் எனக்கும் சேர்த்து டீ போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல முகூர்த்தம். எனக்கு வந்த பெண்ணைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கரியாலூருக்குப் போனேன். ஏன் போனேன்? காரை இவர் ஓட்ட வேண்டும், விமானத்தை யாராவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பின் சீட்டில் வைத்தால் மலை வளைவில் உருளும். கச்சிராயபாளையம் தாண்டி அணையைத் தாண்டி ஏற ஆரம்பித்ததும் எனக்கு வயிற்றைப் பிரட்டியது. மூன்றாவது வளைவிலோ நான்காவதிலோ நிறுத்தச் சொல்லி இறங்கினேன். பெட்டியோடு இறங்கியிருக்கிறேன் போலிருக்கிறது.

"அவன கீழ வுட்டுடாத" என்று கத்தினார்.

"என்ன யாரு புடிக்கிறது?" என்றேன். ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். நான் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

மேலே விடுதியில் ஏற்கெனவே வந்திருந்தார்கள். இவரோடு வேலை பார்த்த இரண்டு பேர், ஒருவர் குட்டையாக, ஒருவர் மீசையோடு. பெரிய சாருக்கு முட்டி வலி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வழுக்கைத் தலை, வெள்ளைப் புருவம். இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, "லேட்டு" என்றார். இவர் விறைத்து நின்றார். எங்கள் வீட்டில் இவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

மலைக்காரப் பெண்மணி ஒருத்தி சமையலுக்கு ஏற்பாடு. சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் கொண்டுவந்து மேசை மேல் வைத்துவிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போக ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மாலைக்குள் வயலுக்குப் போக வேண்டுமாம். இவர் குழம்புச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு அந்த இடத்தில் விமானத்தை வைத்தார்.

பெரிய சார் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். மூக்கிலிருந்து ஆரம்பித்தார். வால் வரைக்கும் போனார். மறுபடி மூக்குக்கு வந்தார். என் வீட்டுக்காரரின் கை இரண்டும் பேண்ட் தையலோடு ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தின மாதிரி இருந்தது எனக்கு. எரிச்சலாக வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

"கலர் சரி" என்றார். "இந்தக் கலர் இப்ப எவனுக்கும் தெரியாது."

இவர் மூச்சை விட்டார். பெரிய சார் வலது இறக்கையின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"பேட்ச் இங்க இல்ல. இடது பக்கம்."

"சார், வலது பக்கம் சார். நான்தான் போட்டேன் சார்."

"நீ போட்ட. திட்டுனது நானு. எந்தப் பக்கம் நின்னு திட்டுனேன்னு எனக்குத் தெரியாதா?"

"வெயில் மூஞ்சில அடிச்சது சார். சாயங்காலம். அப்ப வலது பக்கந்தான் சார்."

"வண்டி எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சின்னு சொல்லு மொதல்ல."

குட்டையானவர் இடது என்றார். மீசைக்காரர் வலது என்றார். சாப்பாட்டுத் தட்டை, விமானம் நிற்கிற இடமாக வைத்துக்கொண்டார்கள், டம்ளரை ஹேங்கராக வைத்தார்கள், உப்பு ஜாடி பெட்ரோல் லாரி. ஹிந்தியில் கொஞ்ச நேரம், தமிழில் கொஞ்ச நேரம். பெரிய சார் முட்டி வலியையும் மறந்து எழுந்து நின்று மேசையைத் தட்டினார். என் வீட்டுக்காரரும் தட்டினார். பெரிய சாரை எதிர்த்து, குரலை உயர்த்தி. மீசைக்காரர் இடது பக்கத்துக்கு மாறினார், பிறகு திரும்பி வலதுக்கே வந்தார். இது எவ்வளவு நேரம் ஓடியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

"சாப்புடுங்க சார், ஆறிப்போவுது" என்றாள் சமைத்தவள். யாரும் திரும்பவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள், "எதுக்கும்மா சண்ட?"

"எறக்கையில ஒட்டு எந்தப் பக்கம்னு."

"அந்தப் பொம்மையிலயா?"

"இல்ல. நெஜத்துல. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி."

அவள் என்னையும் அவர்களையும் பார்த்தாள். ஒரு தட்டை எடுத்து எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன். வேறென்ன செய்வது? சாப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். தோற்றுக்கொண்டிருந்தார். ஆனால் முகம் வேறு மாதிரி இருந்தது. அவர் ஒட்டுப் போட்டாரா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் போட்டார் என்றுதான் சண்டை.

கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து ஆறின குழம்பைச் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்த பெரிய சார் விமானத்தைப் பார்த்து, "சரி, இத பேக் பண்ணிடு. நான் எடுத்துட்டுப் போறேன். எங்க ஊர்ல எவனாவது பெயிண்ட் அடிக்கிறவனப் புடிச்சி இடது பக்கம் மாத்திக்கிறேன்" என்றார்.

"எஸ் சார்" என்றார் இவர்.

சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்து வந்தார். பஞ்சை விரித்தார். விமானத்தைத் தூக்கி உள்ளே வைத்தார். கை மெதுவாக வேலை செய்தது. கார்த்திகையிலிருந்து தை வரை என் உயிரை வாங்கினார். கலர் கம்மி, கலர் ஜாஸ்தி என்று என்னை மென்று துப்பினார். இங்கே எஸ் சார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், அது எங்க வூட்டுதுங்க" என்றேன்.

இவர் என்னைப் பார்த்து, "ந்தா, சும்மா இரு" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. சார், உங்ககிட்ட அந்த பிளேனோட போட்டோ இருக்குதுங்களா?"

"எங்க போட்டோ எடுக்க வுட்டாங்கம்மா?"

"அவருகிட்டயும் இல்லங்க. அதுக்குத்தான் இத செஞ்சாரு. ஊர்ல இவரு காத்தடிச்சிக்கினு இருந்தாருன்னு சிரிக்கிறாங்க. இத ஹால்ல வச்சி, இங்க நான் வேல பாத்தேன்னு காட்டணும் அவருக்கு. இத நீங்க எடுத்துக்கினு போனா அவரு வாயே தொறக்க மாட்டாரு. நான்தான் சொல்லணும்."

மரியாதையாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அவ்வளவுதான் வரும். பெரிய சார் என்னைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். பெரிய சார் பெட்டியை இழுத்து, மூடியை மூடி, இவர் பக்கம் தள்ளினார்.

"ஏன்டா, வாய்ல இன்னா வச்சிருந்த?" என்றார். "வேணும்னா வேணும்னு சொல்றதுக்கு உன் வூட்டம்மா வரணுமா?"

"சாரி சார்."

"வச்சிக்க. ஆனா இடது பக்கம்."

"எஸ் சார்" என்றார் இவர். பிறகு பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "வலது பக்கம் சார்" என்றார்.

குட்டையானவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சமைத்தவள் பாத்திரங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

இறங்கும்போது பெட்டி மறுபடி என் மடியில். சார் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்று திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் திருப்பிக் கொடுக்க எல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டினார்.

"வாந்தி வருதா?"

"இல்ல."

"வந்தா சொல்லு. பெட்டிய என்கிட்ட குடு."

வண்டியை எடுத்தார். அணை தெரிகிற இடம் வரும்போது, "ஒருவேள இடது பக்கந்தானோ?" என்றார்.

பெட்டியைத் தூக்கி அணைக்குள் போட்டுவிடுவேன் என்றேன். சத்தியமாகச் செய்திருப்பேன். அவர் சிரித்தார். கச்சிராயபாளையம் வந்து சேர்வதற்குள் வலது பக்கம்தான் என்று அவரே முடிவுக்கு வந்துவிட்டார்.